ஒரு நாட்டின் ஏற்றுமதிக் கணக்கும் மறுநாட்டின் இறக்குமதிக் கணக்கும் ஏன் ஒத்துப்போவதில்லை?

ஒரே சரக்குதானே, இரண்டு பக்கமும் ஒரே தொகை வர வேண்டாமா என்பது நியாயமான கேள்வி. எளிய காரணம், மதிப்பிடும் முறை. ஏற்றுமதியை எஃப்.ஓ.பி. மதிப்பில், அதாவது கப்பலில் ஏற்றும் வரையிலான விலையில் பதிகிறார்கள். இறக்குமதியில் பெரும்பாலான நாடுகள் கப்பல் கூலியும் காப்பீடும் சேர்ந்த சி.ஐ.எஃப். மதிப்பை எடுக்கின்றன. யார் மீதும் தவறில்லாவிட்டாலும் இறக்குமதித் தொகை சற்றுக் கூடத்தான் இருக்கும்.

சரி, இதையாவது ஓரளவு திருத்திவிடலாம். பெரிய தலைவலி, சரக்கு மூன்றாம் நாடு வழியாகப் போவதுதான். சீனாவில் செய்த பொருள் ஹாங்காங் வழியாக அமெரிக்காவுக்குப் போகிறது என்று வையுங்கள். அமெரிக்கா அதை உற்பத்தியான நாட்டின் பெயரில், சீன இறக்குமதியாகப் பதியும். அனுப்பும்போது கடைசிச் சேருமிடம் தெரியாவிட்டால், சீனாவோ அதை ஹாங்காங்குக்கான ஏற்றுமதியாக எழுதியிருக்கும். நடுவில் கைமாறும்போது விலையும் ஏறிவிடும். மற்ற நாடுகளுக்கான சரக்கும் வந்துபோகும் ரோட்டர்டாம் துறைமுகத்தால் நெதர்லாந்தின் வணிகம் பெரிதாகத் தெரிவதும் இதே வகைதான்.

அப்புறம் வகைப்பாடு. பொருள்களை வகைபிரிக்கும் உலகச் சுங்க அமைப்பின் எச்.எஸ். குறியீடு 6 இலக்கம் வரைதான் எல்லோருக்கும் பொது. அதற்குள்ளேயே ஒரே இயந்திரப் பாகத்தை இரண்டு சுங்கத்துறைகள் வெவ்வேறு தலைப்பில் வைப்பதுண்டு. டிசம்பரில் கிளம்பிய கப்பல் ஜனவரியில் சேர்ந்தால் ஆண்டே மாறிவிடும்.

நாடுகளின் வணிகப் புள்ளிவிவரங்களைத் தரும் ஐ.நா.வின் காம்ட்ரேட் தளத்தில் ஒப்பிடும்போது மொத்தத் தொகையோடு நிற்காதீர்கள். ஒரு பொருளை எடுத்து எடையையும் பாருங்கள். எடை ஒத்துவந்து தொகை மட்டும் விலகினால், சிக்கல் பெரும்பாலும் மதிப்பீட்டில்தான் இருக்கும்.