பேட்டரி மாற்றியதிலிருந்து சரியாக 20 நிமிடம் முந்தும் ரேடியோ கடிகாரம்

சிக்னலில் கோளாறில்லை, முள்தான் நகர்ந்திருக்கிறது. இந்தக் கடிகாரம் தானாக நேரத்தைச் சரிசெய்துகொள்ள உதவும், ஜெர்மனியின் மைன்ஃப்ளிங்கனிலிருந்து வரும் 77.5 கிலோஹெர்ட்ஸ் ரேடியோ அலை கிடைக்காவிட்டால் பிழை நாளுக்கு நாள் மாறும்; உங்களுக்கு மாறவே இல்லை. பேட்டரி மாற்றும்போது நிமிட முள் கையில் பட்டு, அச்சில் வழுக்கியிருக்கும்.

பேட்டரியைக் கழற்றி ஐந்து நிமிடம் விட்டு, புது 1.5 வோல்ட் ஆல்கலைன் போடுங்கள். முட்கள் விறுவிறுவென ஓடி 12-இல் நின்று சிக்னலுக்குக் காத்திருக்கும் (சில மாடல்கள் 4, 8-இலும் நிற்கும்). மணி முள் 12-இல் நேராக நிற்க, நிமிட முள் 4-ஐக் காட்டினால் சந்தேகமே வேண்டாம். நிமிட முள்ளை மட்டும் நேராக மேலே இழுத்தெடுத்து, 12-ஐப் பார்த்து அழுத்திப் பொருத்துங்கள். விரலால் சுற்றவே கூடாது, பிளாஸ்டிக் பல்சக்கரம் உடைந்துவிடும்.

பிழை சரியாக ஒரு மணி நேரமாக இருந்தால் இது பொருந்தாது. அப்போது நேர மண்டல அமைப்பைப் பாருங்கள்.