நாவலாசிரியர் ஒருவர் பெரிய கலை நிறுவனத்தை நிர்வகித்தால் எழுத்து, நிர்வாகம் இரண்டில் ஒன்று கெட்டுவிடாதா?

கெட வேண்டிய அவசியமில்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதற்கு ஆதாரமாக இத்தாலிய எழுத்தாளர் நிக்கோலா லஜோயாவைச் சொல்வேன்.

தென் இத்தாலியின் பாரி நகரில் 1973இல் பிறந்த லஜோயா, 'மினிமும் ஃபாக்ஸ்' என்னும் ரோம் நகரத்துச் சிறிய பதிப்பகத்தில் இத்தாலியப் புனைகதை வரிசை ஒன்றின் பொறுப்பாசிரியராக இருந்தவர். பாரியைச் சேர்ந்த கட்டுமானத் தொழிலதிபர் ஒருவரின் மகள் இறந்துபோவதையும், அந்த மரணத்தைச் சுற்றி மறைக்கப்படும் உண்மைகளையும் சொல்லும் 'லா ஃபெரோச்சா' நாவலுக்காக, அந்நாட்டின் மிகவும் மதிக்கப்படும் இலக்கியப் பரிசான ஸ்ட்ரேகாவை 2015இல் பெற்றார்.

மறு ஆண்டு அக்டோபரில், வட இத்தாலிய நகரமான துரினின் சர்வதேசப் புத்தகக் காட்சியின் இயக்குநராக அவர் நியமிக்கப்பட்டபோது, 1988 முதல் நடந்துவந்த அந்தக் காட்சி நிலைக்குமா என்பதே கேள்விக்குறியாக இருந்தது. நாட்டின் பதிப்பாளர் சங்கம் மிலானில் போட்டிக் காட்சி ஒன்றை அறிவித்திருந்தது. பெரிய பதிப்பகங்கள் பல அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டன. துரினுக்குத் துணை நின்றவர்களில் பெரும்பாலோர் சிறிய, நடுத்தரப் பதிப்பாளர்கள். அத்தகைய பதிப்பகம் ஒன்றில் உழைத்த அனுபவமே அந்த நேரத்தில் அவருக்குப் பெரிய பலமாக இருந்தது என்பது என் கணிப்பு. ஒரு காலத்தில் ஃபியட் கார்கள் தயாராகி, கூரையின் மேலேயே ஓட்டிப் பார்க்கப்பட்ட லிங்கோட்டோ ஆலை வளாகத்தில் 2017 மே மாதம் நடந்த காட்சிக்கு 1,40,000 பேருக்கு மேல் வந்தார்கள்; முந்தைய மாதம் மிலானுக்கு வந்தவர்கள் ஏறத்தாழ 60,000 பேர்தான். அடுத்த ஆண்டே பெரிய பதிப்பகங்கள் துரினுக்குத் திரும்பின. 2019இல் மிலான் காட்சி நடைபெறவேயில்லை.

அதோடு சிக்கல்கள் தீர்ந்துவிடவில்லை. காட்சியை நடத்திய அறக்கட்டளை கடன் சுமையால் கலைக்கப்பட்டது. 2019இல் தீவிர வலதுசாரி இயக்கத்துக்கு நெருக்கமான பதிப்பகம் ஒன்றுக்கு அரங்கு ஒதுக்கப்பட்டதை எதிர்த்து, நாஜிகளின் ஆஷ்விட்ஸ் வதைமுகாமிலிருந்து உயிர் பிழைத்த ஹலினா பிரன்பாம் வர மறுத்தார். நகராட்சியும் துரின் அமைந்துள்ள பியட்மான்ட் பிராந்தியத்தின் அரசும் தலையிட்ட பிறகு அந்த அரங்கு நீக்கப்பட்டது. இத்தகைய முடிவுகளில் இயக்குநரின் அதிகாரம் எவ்வளவு குறுகியது, ஆனால் பழி எவ்வளவு எளிதாக அவர்மீது விழுகிறது என்பதை இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் அவசியம் கவனிக்க வேண்டும்.

எழுத்து என்னவாயிற்று என்றால், கொரோனா பரவலால் 2020 மே மாதக் காட்சியை இணையத்துக்கு மாற்றிய அதே ஆண்டில்தான், 2016இல் ரோமில் நடந்த உண்மையான கொலை ஒன்றை வழக்கு ஆவணங்கள், சாட்சியங்கள் வழியாக ஆராயும் 'லா சித்தா தெய் விவி' வெளிவந்தது. அவருடைய நூல்களில் அதுவே மிகவும் கனமானது என்பேன். பதவியில் இருந்த ஆண்டுகளில் எழுதி முடிக்கப்பட்ட புத்தகம் அது. பிறகு 2023 வரை காட்சியை நடத்திவிட்டு, பொறுப்பை அன்னலேனா பெனினியிடம் ஒப்படைத்து அவர் விலகினார்.