கேள்வி பதில்: கரிமச் சேர்மப் பெயர்களில் ஈன் (இரட்டைப் பிணைப்பு), ஐன் (முப்பிணைப்பு) எண் குழப்பங்கள்

கேள்வி: ஐந்து கார்பன் சங்கிலி. 2-ஆம் கார்பனில் மெத்தில் (ஒரு கார்பன் கிளை), 3-இல் இரட்டைப் பிணைப்பு. 2-மெத்தில்பென்ட்-3-ஈன் என்று எழுதினேன், அடித்துவிட்டார்கள். மெத்திலுக்குத்தானே சிறிய எண்?

பதில்: அது ஆல்கேனில் (ஒற்றைப் பிணைப்புகள் மட்டும் உள்ள ஹைட்ரோகார்பனில்) ஒட்டிக்கொண்ட பழக்கம். அங்கே மெத்திலுக்குப் போட்டியே கிடையாது. ஹைட்ரோகார்பனில் இரட்டைப் பிணைப்பு வந்துவிட்டால், எந்த முனையிலிருந்து எண்ணுவது என்பதை அதுதான் முடிவு செய்யும். உங்கள் சங்கிலியை மறுமுனையிலிருந்து எண்ணிப் பாருங்கள். இரட்டைப் பிணைப்பு 2-க்கும் 3-க்கும் நடுவே வரும்; அதில் சிறிய எண்ணை மட்டும் எழுதுவோம். மெத்தில் 4-க்குப் போகும், போகட்டும். பெயர் 4-மெத்தில்பென்ட்-2-ஈன். ஹெக்ஸ்-3-ஈன் போல எந்தப் பக்கம் எண்ணினாலும் 3 என்றே வரும் சங்கிலியில்தான் மெத்திலின் எண்ணைப் பார்க்க வேண்டும்.

வரைந்தது சரியா என்று பார்க்க ஒரு கணக்கு: கார்பன் எண்ணிக்கையை இரட்டித்து 2 கூட்டுங்கள், ஹைட்ரஜனைக் கழியுங்கள், பாதியாக்குங்கள். இங்கே மெத்திலையும் சேர்த்துக் கார்பன் 6, ஹைட்ரஜன் 12: 14-இல் 12 போக 2, பாதி 1. ஓர் இரட்டைப் பிணைப்புக்கு 1, முப்பிணைப்புக்கு 2. வளையத்துக்கும் 1 வரும் என்பதை மறக்க வேண்டாம்.

கேள்வி: ஈன், ஐன் இரண்டும் இருந்தால் எது முந்தும்?

பதில்: எழுதும்போது ஈன் முன்னே, ஐன் பின்னே, இது மாறாது. எண் வேறு விஷயம். இரண்டுக்கும் சேர்த்துச் சிறிய எண்கள் எந்தப் பக்கம் கிடைக்கிறதோ அதை எடுங்கள்: பென்ட்-3-ஈன்-1-ஐன். இரு பக்கமும் சமமானால் ஈனுக்குச் சிறியது: பென்ட்-1-ஈன்-4-ஐன்.

கேள்வி: புத்தகத்தில் 2-எத்தில்பென்ட்-1-ஈன். மென்பொருளோ அதே சேர்மத்தை 3-மெத்திலிடீன்ஹெக்சேன் என்கிறது. எது சரி?

பதில்: முன்பு இரட்டைப் பிணைப்பு உள்ள சங்கிலியே முதன்மைச் சங்கிலி, அதாவது பெயருக்கு அடிப்படையான சங்கிலி. வேதிப் பெயரிடல் விதிகளை வகுக்கும் பன்னாட்டு அமைப்பான ஐயுபிஏசியின் 2013 பரிந்துரைகள் நீளத்துக்கு முதலிடம் தந்துவிட்டன. தேர்வுக்கு உங்கள் பாடநூல் எந்த விதியைச் சொல்கிறதோ அதுதான்.

கேள்வி: ஹெக்ஸ்-3-ஐனின் கோட்டு அமைப்பில் (கார்பனை எழுதாமல் கோடுகளால் மட்டும் வரைவது) நான்கு கார்பன்தான் தெரிகிறது!

பதில்: முனைகளையும் மடிப்புகளையும் மட்டும் எண்ணியிருப்பீர்கள். முப்பிணைப்பின் இரு கார்பன்களிலும் கோணம் 180 பாகை, மடிப்பே இருக்காது. 2 முதல் 5 வரை நான்கு கார்பன்களும் ஒரே நேர்கோட்டில் நிற்கும். மூன்று கோடுகள் தொடங்கும் இடத்தில் ஒரு புள்ளி, முடியும் இடத்தில் ஒரு புள்ளி வைத்து எண்ணுங்கள், ஆறு வரும்.

இரட்டைப் பிணைப்பில் இதற்கு நேர்மாறான சிக்கல். கோணம் ஏறத்தாழ 120 பாகை, மடித்துத்தான் வரைய வேண்டும். எந்தப் பக்கம் மடித்தீர்கள் என்பதற்கும் பொருள் உண்டு. 4-மெத்தில்பென்ட்-2-ஈனைக் கை போன போக்கில் மேலும் கீழுமாக இழுத்தால் அது டிரான்ஸ்: சங்கிலியின் இரு துண்டுகளும் இரட்டைக் கோட்டின் எதிரெதிர்ப் பக்கங்களில் இருக்கும். சிஸ் கேட்டிருந்தால் சங்கிலியின் இரு துண்டுகளும் இரட்டைக் கோட்டின் ஒரே பக்கம் வரவேண்டும். 2-மெத்தில்பியூட்-2-ஈனில் இந்தக் கவலை இல்லை: ஒரே கார்பனில் இரண்டு மெத்தில், எப்படித் திருப்பினாலும் ஒன்றுதான்.