அலுமினியப் படகுக்குப் பெயின்ட் உரியுது: பதில்

வணக்கமுங்க. பவானிசாகர் அணையில ஓட்டுற பழைய அலுமினியப் படகுக்கு ரெட் ஆக்சைடு அடிச்சு, மேல எனாமல் அடிச்சும் ஒரே வருசத்துல தோலாட்டம் உரியுதுன்னு கேட்டிருந்தீங்க. பெயின்ட் மேல தப்பில்லீங்க. ரெட் ஆக்சைடு இரும்புக்கான பிரைமர், அதாவது பெயின்ட்டுக்கு முன்னாடி அடிக்கிற அடிப்பூச்சு. அலுமினியத்தைத் தேய்ச்ச கையோட அது மேல காத்துப்பட்டு ஆக்சைடு படலம் கட்டிரும். சாதா பிரைமர் அதுல பிடிக்காது.

உரியறதை எல்லாம் சுரண்டி எடுங்க. காஸ்டிக் சோடா மட்டும் வேண்டாமுங்க, அது அலுமினியத்தையே தின்னுரும். இரும்பு பிரஷ்ஷும் ஆகாது. அதோட துகள் பதிஞ்சு பின்னால துருப்புள்ளியா கிளம்பும். தின்னர்ல எண்ணெய்ப் பிசுக்கைத் துடைச்சுட்டு, 80, அப்புறம் 120 நம்பர் உப்புத்தாள்ல தேய்ங்க. தேய்ச்ச அன்னைக்கே அலுமினியத்துக்குன்னு கேட்டு வாங்கின எபாக்ஸி பிரைமரை (ரெண்டு டப்பாவுல வர்றதை ஒண்ணாக் கலந்து அடிக்கிறது) அடிச்சிரோணும். நாளைக்குப் பார்க்கலாம்னு விட்டா மறுபடியும் தேய்க்கோணும். பழைய பெயின்ட் தூசி நெஞ்சுக்கு ஆகாது, மாஸ்க் போட்டுக்குங்க.

தேய்க்கிறதுக்கு முன்னாடி படகை நிலத்துல வெச்சு உள்ளே கொஞ்சம் தண்ணி ஊத்துங்க. எந்த ரிவிட்ல (தகடுகளைச் சேர்க்கிற ஆணி) கசியுதுன்னு வெளியில தெரிஞ்சிரும். நிறைய ஊத்தினா பாரம் தாங்காம அடி வளைஞ்சிரும்.

என்னைக் கேட்டா, தண்ணிக்குள்ள இருக்கிற அடிப்பாகத்துக்குப் பெயின்ட்டே வேண்டாமுங்க. நல்ல தண்ணியில வெறும் அலுமினியம் பல வருசம் தாங்கும். கடல் படகுக்கு அடிக்கிற தாமிரம் கலந்த பெயின்ட்டை யாராச்சும் சொன்னா வாங்கிராதீங்க, அலுமினியத்தை அரிச்சிரும்.

ஆடிக்காத்துல இந்த வேலையை ஆரம்பிக்காதீங்க. ஈரப் பெயின்ட்ல புழுதி முழுக்க ஒட்டிக்கும். மாசி, பங்குனி தோதுங்க.