முன் வீலை மட்டும் மாத்துங்க, ஃப்ரேமை விக்காதீங்க

தம்பி, ஆசை ஆசையா ஒவ்வொரு பார்ட்டா வாங்கிக் கோத்த கார்பன் சைக்கிள், பணகுடி தாண்டினதும் காத்துல ஹேண்டில்பாரைப் பிடுங்குது, ஃப்ரேமை வித்துரவான்னு கேட்டிருக்கீங்க. வேண்டவே வேண்டாம். முன்னாடி போட்டிருக்கிற 60 மி.மீ. உயர ரிம்தான் காரணம்.

ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காத்து ஆடியில எப்படி அடிக்கும்னு உங்களுக்கே தெரியும். பின் சக்கரம் திரும்பாது. காத்து தள்ளினா வண்டி லேசா சாயும், அவ்வளவுதான். முன் சக்கரம் அதைப் பிடிச்சிருக்கிற ஃபோர்க்கோட சேர்ந்து திரும்புறது. உயரமான ரிம் கப்பல் பாய் மாதிரி காத்தை வாங்கி ஹேண்டில்பாரையே திருப்பிரும். முன்னால 35 மி.மீ. போடுங்க, பின்னால 60 இருக்கட்டும். மாத்தினதும் பிரேக் டிஸ்க் உரசினா, அதைக் கவ்வுற காலிப்பரை நடுவுக்குக் கொண்டு வந்து முறுக்குங்க.

இன்னொண்ணு, லாரி. நாகர்கோவில் பக்கமா போகையில வலப்பக்கம் கடக்கிற லாரி மேற்குக் காத்தை மறைச்சிரும். கை தானா தளரும். அதோட கடைசி டயர் நம்மைத் தாண்டின நொடியில மொத்தக் காத்தும் வந்து அறையும். நான் வெள்ளைக்கோட்டைத் தாண்டி மண்ணுல இறங்கினது அப்படித்தான். லாரிச் சத்தம் கேட்டதுமே ட்ராப்ஸை, அதான் ஹேண்டில்பாரோட கீழ வளைஞ்ச பகுதியைப் பிடிச்சு முழங்கையை மடக்கிக்கிடுங்க. புது வீல் வர்ற வரைக்கும் பணகுடிக்கு முன்னாடியே, வள்ளியூரோட திரும்பிருங்க.