எதிரே மால் வருமாம்: டாலஸ் பக்கம் வீடு பார்க்கும் தம்பிக்கு

டாலஸுக்கு வடக்கே, ஃப்ரிஸ்கோவையும் தாண்டிப் புதிதாக வளர்கிற ஊரில் வீடு பார்த்திருக்கிறீர்கள். எதிரே காலியாகக் கிடக்கும் நிலத்தில் பெரிய ஷாப்பிங் சென்டர் வரப்போகிறது, சிட்டியே விற்பனை வரியில் சலுகை தருகிறது, கடைகள் வந்தால் வீட்டு வரி குறையும், விலையும் ஏறும் என்று பில்டரின் ஆள் சொன்னாராம். அந்த வரிசை மனைகளுக்குக் கூடுதல் விலை கேட்கிறார், கொடுக்கலாமா என்று கேட்டீர்கள். அந்தக் காரணத்துக்காக ஒரு டாலர்கூடக் கொடுக்காதீர்கள் தம்பி.

சம்பளத்துக்கு மாநில வருமான வரி கிடையாது என்று சந்தோஷப்பட்டுத்தானே எல்லாரும் டெக்சஸ் வருகிறோம்? அதற்குப் பதிலாக இங்கே வீட்டு வரியும் விற்பனை வரியும்தான் எல்லாவற்றையும் சுமக்கின்றன. கடையில் 100 டாலருக்குச் சாமான் வாங்கினால் 8.25 டாலர் வரி. அதில் 6.25 ஆஸ்டினில் இருக்கிற மாநில அரசுக்குப் போய்விடும். மிச்சம் 2 டாலர். பக்கத்து ஊரான ப்ளேனோவில் அதில் ஒரு டாலர் டார்ட் என்கிற வட்டாரப் போக்குவரத்து அமைப்பின் ரயில், பஸ்ஸுக்கு. ஃப்ரிஸ்கோ டார்ட்டில் சேரவில்லை. அந்த ஒரு டாலரைப் பாதிப் பாதியாகப் பிரித்து இரண்டு வளர்ச்சிக் கழகங்களுக்குக் கொடுக்கிறது. புதுக் கம்பெனிகளையும் கடைகளையும் இழுக்கிற பணம் பெரும்பாலும் அங்கிருந்துதான் வரும். ஆக, சிட்டியின் பொதுச் செலவுக்குக் கையில் வருவது நூற்றுக்கு ஒரு டாலர். சலுகை என்று அவர் சொன்னது அதிலிருந்தும் கடைக்காரருக்குத் திருப்பித் தருவது. மாநிலச் சட்டத்தின் 380ஆம் அத்தியாயம் இதை அனுமதிப்பதால் '380 ஒப்பந்தம்' என்பார்கள். பாதியைத் திருப்பித் தந்தால் சிட்டிக்கு மிஞ்சுவது 50 சென்ட். அதில்தான் அந்தக் கடைக்கான சாலை, சிக்னல், போலீஸ் எல்லாம்.

உங்கள் வீட்டு வரி இதனால் குறையுமா? வரிச் சீட்டைப் பார்த்தால் பள்ளி மாவட்டத்துக்குப் போவதுதான் பெரிய பங்கு, பல ஊர்களில் பாதிக்கும் மேல். உள்ளூருக்கு வருகிற அந்த 2 டாலர் விற்பனை வரியில் ஒரு சென்ட்கூடப் பள்ளி மாவட்டத்துக்குப் போவதில்லை. சிட்டி மனசு வைத்துத் தன் பங்கைக் கொஞ்சம் குறைத்தாலும், வீட்டின் மதிப்பு ஏறினால் மொத்தத்தில் நீங்கள் கூடத்தான் கட்டுவீர்கள். வீட்டு விலை ஏறும், வரி குறையும் என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறவரிடம் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருங்கள்.

அடுத்து, வருகிற கடைகள் புதிதாக முளைப்பவை அல்ல. பெரும்பாலும் பக்கத்து ஊரிலிருந்து இடம் மாறுபவை. பழைய ப்ளேனோவில் காலின் க்ரீக் மால் 1981இல் திறந்தது. நான் வந்த புதிதில் குளிருக்கு ஜாக்கெட் வாங்க அங்கேதான் போவோம். 2000இல் ஃப்ரிஸ்கோவில் ஸ்டோன்பிரையர் மால் வந்தது, அடுத்த வருஷமே ப்ளேனோவில் வில்லோ பெண்ட் மால் வந்தது. இரண்டுக்கும் நடுவில் டோல்வே என்கிற சுங்கச் சாலையில் பத்து நிமிட ஓட்டம்தான். காலின் க்ரீக் 2019இல் மூடிவிட்டது. வில்லோ பெண்டிலும் பெரும்பகுதியை இடித்து அபார்ட்மென்ட், ஹோட்டல் கட்டத் திட்டம். ஸ்டேசி ரோட்டுக்குப் போய்ப் பாருங்கள்: சாலைக்கு இந்தப் பக்கம் ஆலன், அந்தப் பக்கம் ஃபேர்வியூ. 2008, 2009 என்று அடுத்தடுத்து, அதுவும் நாடே பொருளாதார நெருக்கடியில் இருந்தபோது, இருவரும் எதிரெதிரே ஷாப்பிங் சென்டர் திறந்தார்கள். வாங்கப் போகிறவர்கள் என்னவோ அதே ஜனங்கள்தான்.

இப்போது ஆன்லைன் வேறு. 2018இல் உச்ச நீதிமன்றம் வேஃபேர் வழக்கில் சொன்ன தீர்ப்புக்குப் பிறகு பெரிய வெளிமாநில விற்பனையாளர்களும் இங்கே வரி வசூலிக்க வேண்டும். அந்த வரியில் உள்ளூர்ப் பங்கு பெரும்பாலும் டெலிவரி ஆகிற ஊருக்கு வருகிறது. அப்படியானால் மாலே இல்லாத ஊருக்கும் நம் வீட்டு வாசலில் வந்து விழுகிற பெட்டிகளால் வருமானம் உண்டு. இதிலும் சண்டை இல்லாமல் இல்லை. உள்ளூர் ஆன்லைன் விற்பனையின் வரி எந்த ஊருக்குச் சேரும் என்று மாநிலக் கணக்கு அதிகாரி 2020இல் விதியை மாற்ற, காப்பல், ரவுண்ட் ராக் போன்ற ஊர்கள் கோர்ட்டுக்குப் போயின.

இன்னொன்று. பெரிய கடை காலி செய்த கட்டடத்தில் நம்ம ஊர் மளிகைக் கடை வந்தால் நமக்கெல்லாம் கொண்டாட்டம். ஆனால் அரிசி, பருப்பு, காய்கறிக்கு டெக்சஸில் விற்பனை வரி இல்லை. பார்க்கிங் நிரம்பி வழியும், சிட்டிக்குப் பெரிதாக ஒன்றும் வராது. குக்கர் வாங்கினால்தான் உண்டு.

சரி, நீங்கள் பார்க்க வேண்டியது என்ன? அந்த நிலத்துக்கு 380 ஒப்பந்தம் உண்மையிலேயே கையெழுத்தாகியிருக்கிறதா என்று சிட்டி கவுன்சில் கூட்டக் குறிப்புகளில் தேடுங்கள், பொது ஆவணம்தான். கடை திறந்து வரி வந்த பிறகுதான் பணம் திரும்புமா, அல்லது சிட்டி முன்கூட்டியே கடன் வாங்கிக் கொடுக்கிறதா என்று பாருங்கள். பின்னது என்றால் கடை ஓடாவிட்டாலும் கடன் ஊர் தலையில். நிலத்தின் ஸோனிங்கையும், அதாவது அதில் என்ன கட்டலாம் என்ற சிட்டி விதியையும் கேளுங்கள். கடைகளுக்கென்று ஒதுக்கிய நிலம் சில வருஷம் காலியாகக் கிடந்துவிட்டு அபார்ட்மென்ட்டாக மாறுவது இங்கே சகஜம்.

எல்லாவற்றுக்கும் முன்னால், உங்கள் மனை மட் (MUD) அல்லது பிட் (PID) என்கிற சிறப்பு வரி வட்டாரத்துக்குள் வருகிறதா என்று பில்டரிடம் எழுத்தில் வாங்குங்கள். தண்ணீர்க் குழாய், சாலை போட்ட கடனை வீட்டுக்காரர்கள் தலையில் வருஷா வருஷம் கட்டுகிற ஏற்பாடு அது. மால் வந்தாலும் வராவிட்டாலும் அந்த பில் வந்துவிடும். அதே தெருவில் ஏற்கெனவே குடிவந்த ஒரு வீட்டின் போன வருஷ வரிக் கணக்கைக் கவுன்ட்டி இணையதளத்தில் எடுத்து, அந்தத் தொகையை மாதத் தவணையோடு கூட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் விலை பேசுங்கள்.