கடைசி வாட்டுப் பயிற்சி: தாதிய மாணவர்கள் கேட்டவையும் என் பதில்களும்

கொழும்பில் வாட்டில் வேலை செய்கிற தாதி நான். இறுதி வருடத் தங்கைகளும் தம்பிகளும் கேட்டதற்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அக்கா, அடுத்த மாதம் மெடிக்கல் வாட்டு. முதல் நாள் எதைப் பார்ப்பது?

எமர்ஜென்சி ட்ரொலி எங்கே நிற்கிறது, ஒட்சிசன் எங்கே, சளியை உறிஞ்சி எடுக்கிற சக்‌ஷன் இழுக்கிறதா. மற்றதெல்லாம் மெதுவாகப் பழகும்.

டொக்டரிடம் நோயாளியைப் பற்றிச் சொல்லும்போது நாக்கு உளறுகிறது. என்ன செய்வது?

கதையை ஆரம்பத்திலிருந்து சொல்லப் போவதால்தான் உளறுகிறது. இப்போது என்ன நடக்கிறது, பின்னணி என்ன, நான் எதைக் கண்டேன், எனக்கு என்ன வேண்டும், இந்த நாலையும் இதே வரிசையில் சொல்லுங்கள். டெங்கு நோயாளி ஒருவரை எடுங்கள். காய்ச்சல் விட்டதும் வீட்டுக்காரர் சந்தோஷப்படுவார்கள், ஆனால் இரத்தக் குழாயிலிருந்து நீர் கசிகிற 24 முதல் 48 மணித்தியால ஆபத்து அனேகமாக அப்போதுதான் தொடங்கும். பிரஷர் 100க்கு 80 என்று வருகிறது. 100 இருக்கிறதே என்று சார்ட்டில் எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடாதீர்கள், மேலுக்கும் கீழுக்கும் இடைவெளி 20 தான், அது ஷாக், அதாவது உடம்புக்கு இரத்த ஓட்டம் போதாமல் போகிற நிலை. உள்ளங்காலைத் தொட்டுப் பாருங்கள், நகத்தை அழுத்தி நிறம் திரும்ப எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று பாருங்கள், சிறுநீர் எவ்வளவு போனது என்று பாருங்கள், உடனே சிஸ்டரிடமோ டொக்டரிடமோ "இப்போதே வந்து பாருங்கள்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். மாணவிதானே என்று தயங்கி நிற்கிற நேரம் நோயாளியின் நேரம்.

500 மில்லிலீற்றர் சேலைன், 4 மணித்தியாலம். எத்தனை துளி?

ஒரு மில்லிலீற்றருக்கு 20 துளி விழுகிற செட் என்றால் 500ஐ 20ஆல் பெருக்கி 240 நிமிடத்தால் வகுங்கள், நிமிடத்துக்கு 42 துளி. ஆனால் செட்டின் பைக்கற்றைப் பார்க்காமல் கணக்குப் போட வேண்டாம், மைக்ரோ செட் 60 துளி.

சிங்களம் தட்டுத்தடுமாறித்தான் வரும். தேசிய வைத்தியசாலையில் சமாளிக்கலாமா?

சமாளிக்கலாம். "கொஹெத ரிதென்னே?", "ஹுஸ்ம கன்ன அமாருத?" என்று எங்கே வலி, மூச்செடுக்கக் கஷ்டமா என்பதையாவது இன்றைக்கே பாடமாக்குங்கள். மருந்து ஓர்டர் விளங்காவிட்டால் தலையாட்டாமல் பெயரையும் அளவையும் திருப்பிச் சொல்லி உறுதிப்படுத்துங்கள், அதற்கு யாரும் கோபிக்க மாட்டார்கள், கோபித்தாலும் பரவாயில்லை. அப்புறம், வடக்கிலிருந்தும் மலையகத்திலிருந்தும் மாற்றி அனுப்பப்படுகிற எங்கள் ஆட்கள் சிங்களம் தெரியாமல் வலியைக்கூடச் சொல்லாமல் படுத்திருப்பார்கள். அவர்களிடம் நீங்களாகப் போய்ப் பேசுங்கள்.

ஊசி கையில் குத்திவிட்டால்?

பிதுக்க வேண்டாம். ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவி உடனே சிஸ்டரிடம் சொல்லுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் 72 மணித்தியாலத்துக்குள் தொடங்க வேண்டும், முதல் சில மணித்தியாலத்திலேயே தொடங்கினால் இன்னும் நல்லது. ஏச்சு விழும் என்று மறைத்துவிடாதீர்கள் தங்கச்சி. எந்தக் கட்டில் நோயாளிக்குப் போட்ட ஊசி என்பதையும் சொல்லுங்கள், அவருடைய இரத்தத்தையும் பார்க்க வேண்டியிருக்கும்.